சரியான விடைக்கு ஒரு மாரி பிஸ்கட்

முல்லைத்தீவில் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர் காலமான செய்தி வட்ஸ்அப்பில் வந்த கிழமைதான் மகள் அந்தப் படத்தைப் போட்டாள். 2001இல் வந்த ‘சிஸ்டர் மேரி எக்ஸ்பிளெயின்ஸ் இற் ஓல்’. கிறிஸ்டோபர் டுராங்கின் நாடகம்தான் படமாகியிருக்கிறது. டயான் கீட்டன் கன்னியாஸ்திரி. மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், எதைக் கேட்டாலும் அவரிடம் விடை உண்டு. சரியாகச் சொல்லும் பையனுக்குப் பிஸ்கட். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிஸ்கட்டைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் சிஸ்டர் என்றால் அடிமட்ட ரூலரின் விளிம்பு, பன்னிரண்டு மணித் திரிகால செபம், கோணல் பின்னலுக்குக் குட்டு. அவரிடம் படித்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? அரசாங்கம் 1960இல் மிஷன் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்கச் சட்டம் போட்டதாம். சிஸ்டருக்கு அதை யாரும் அறிவித்ததாகத் தெரியவில்லை.

சைவம் படிப்பிக்க ஆள் இல்லாததால் நாங்கள் பின்வாங்கில் இருந்து ஞானோபதேசம் என்ற கத்தோலிக்கச் சமயபாடம் கேட்டோம். கேட்டுக் கேட்டே எனக்கு முழுதும் பாடம். ஒருநாள் முன்வாங்குப் பிள்ளைகள் விழிக்க, நான் எழும்பி விடை சொன்னேன்.

“பாருங்கோ, சைவப் பிள்ளை சொல்லுது!”

அத்தோடு விட்டிருக்கலாம்.

“அப்ப ஞானஸ்நானம் இல்லாமல் செத்த உன்ர அப்பம்மா இப்ப எங்க?”

அப்பம்மாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை அது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. படித்த விடை தெரியும். சொன்னேன். மாரி பிஸ்கட் ஒன்று கிடைத்தது. தின்றேன்.

ஞானஸ்நானம் பெறாத நல்லவர்களுக்கும் மீட்பு உண்டாகலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே எழுதிவைத்ததைப் பிறகுதான் அறிந்தேன். அந்தச் செய்தி மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸைத் தவறவிட்டிருக்க வேண்டும்.

படத்தில் பழைய மாணவர்கள் திரும்பி வந்து சிஸ்டரிடம் கணக்குக் கேட்கிறார்கள். அவர் துப்பாக்கியை எடுக்கிறார். நாங்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளா? சந்தா கட்டி, டின்னர் வைத்து, நினைவு மலர் அச்சடித்து, அவர் படத்துக்கு மாலை போடுகிறோம்.

போடத்தான் வேண்டும். 1995 கடைசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தபோது மரத்தடியில் வகுப்பு நடத்தியவர் அவர். கஞ்சிக்கு வரிசையில் நின்ற எந்தப் பிள்ளையிடமும் சமயம் கேட்கவில்லையாம். லண்டனில் முதல் நேர்முகத்தில் என் வாயிலிருந்து வந்த இங்கிலீசும் அவர் அடித்துத் தந்ததுதான். 2009 கடைசி யுத்தத்திலும் சனத்தை விட்டு வெளியே வரவில்லை. நானோ எப்போதோ வந்துவிட்டேன்.

2002இல் வன்னிக்கூடாகப் போகும் ஏ9 வீதி திறந்தபோது போயிருக்கலாம். உங்களில் பலர் போனீர்கள். எனக்குப் புது வீடு, மோட்கேஜ், அடுத்த வருடம் பார்ப்போம் என்ற நினைப்பு. போன தோழியிடம் சிஸ்டர் விசாரித்தாராம்.

“அந்தக் கெட்டிக்காரச் சைவப் பிள்ளை எங்க?”

“லண்டனில, சிஸ்டர்.”

“அங்கயாவது பூசைக்குப் போகுதோ?”

“ஓம் சிஸ்டர், ஒவ்வொரு ஞாயிறும்” என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், முன்வாங்கில் விடை தெரியாமல் விழித்தவள்.