இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. இங்கே எழுதும்போது யாருடைய பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன்.

இன்று வந்தவர் சாயப்பட்டறை ஒன்றின் மேலாளர். 2023 பிப்ரவரியில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டபோது 131 கிலோ. ஒன்றரை ஆண்டில் 84-க்கு இறங்கினார். சர்க்கரை மாத்திரையே தேவையில்லை என்று ஆனது. அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் ஆளைக் காணவில்லை. நன்றாக இருப்பவர் ஏன் வரப்போகிறார் என்று எல்லோருமே நினைத்துக்கொள்கிறோம்.

உணவுக் குறிப்பேட்டைக் கேட்டேன். கோடு போட்ட நீள நோட்டு, பட்டறைக் கணக்கு எழுதுவது போன்ற ஒழுங்கான கையெழுத்து. காலை 8.00, முட்டை இரண்டு. 11.00, மோர். மதியம் 1.30, மீன் குழம்பில் மீன் மட்டும், சோறு இரண்டு கரண்டி. பழைய பக்கங்களில் மாலை 7.30-க்கு எதிரே சுண்டல், பன்னீர், பாசிப்பயறு என்று ஏதாவது இருந்தது. ஜூலையிலிருந்து அந்த இடம் தினமும் வெறுமையாகவே கிடந்தது. எடை மட்டும் ஐந்து கிலோ ஏறியிருந்தது.

“சாயங்காலம் பசிப்பதில்லை மேடம்” என்றார். அவருடைய மனைவி, “மேடத்திடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுங்கள்” என்றார். வேலை முடிந்ததும் ஒரு குவார்ட்டர். முன்பெல்லாம் தீபாவளிக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும்தான். அப்போது ஒரு குவார்ட்டர் குடித்தாலும் ஒன்றும் தெரியாது, இப்போது பாதியிலேயே ஏறிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டு போனார். அதில் பயப்பட ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. அறுவைக்குப் பிறகு இரைப்பையில் மிஞ்சுவது ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சின்னப் பை. சாதாரண வயிறு மதுவைச் சிறிது நேரம் தேக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடும். வயிற்றிலுள்ள நொதி ஒரு பகுதியைச் சிதைக்கவும் செய்யும். பைபாஸ் செய்தவருக்கு அந்தத் தேக்கம் இல்லை, குடித்தது நேரே சிறுகுடலில் போய் விழுகிறது. 2015-இல் ‘ஜாமா சர்ஜரி’ இதழில் வந்த ஓர் ஆய்வில், பைபாஸ் செய்த பெண்களுக்கும், அறுவைக்குக் காத்திருந்த பெண்களுக்கும் உடலுக்கேற்ப ஏறத்தாழ இரண்டு பானத்துக்குச் சமமான மது கொடுத்துப் பார்த்தார்கள். அறுவை செய்யாதவர்களுக்கு இரத்தத்தில் ஆல்கஹால் உச்சத்தைத் தொட ஏறத்தாழ 25 நிமிடம் ஆனது. செய்தவர்களுக்கு ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. உச்சமும் ஏறக்குறைய இரு மடங்கு: 100 மில்லி இரத்தத்தில் 60 மில்லிகிராமுக்குப் பதில் 110. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் விட்டிருக்கும் எல்லை 30.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு அவர் பைக்கில்தான் போகிறார்.

செப்டம்பர் 12, வெள்ளி

குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடைக்கு மாற்றினால் சுமார் 60 கிராம். கிராமுக்கு 7 கலோரி என்றால் 420-க்கு மேல். நாள் முழுவதும் ஆயிரத்துச் சொச்சம் கலோரியே சாப்பிட முடிகிற ஒருவருக்கு, அதில் பெரும்பங்கு புரதமோ இரும்புச்சத்தோ துளியும் இல்லாத ஒன்றாகப் போய்விடுகிறது. எடை ஏறியதற்கும் இதுதான் காரணம், தலைமுடி உதிர்கிறது என்று அவர் மனைவி கவலைப்பட்டதற்கும் இது காரணமாக இருக்கலாம். நான் கேட்பது நாளைக்கு 60 கிராம் புரதம். அவர் எழுதிவைத்ததைக் கூட்டிப் பார்த்தால் 35 தேறவில்லை.

இனிப்பு விஷயத்தில் அறுவையே ஒரு காவலாக நிற்கிறது. இரண்டு ஜிலேபி சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று பலரைப் படுக்க வைத்துவிடும். அந்தப் பயத்திலேயே ஒதுங்கிவிடுவார்கள். தண்ணீர் கலந்த பிராந்தியில் சர்க்கரை இல்லை. அதனால் அந்தத் தண்டனையும் இல்லை.

அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சொந்தமாகத் திடீரென நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொன்னேன். தினமும் குடித்துப் பழகிய உடம்புக்கு அது சில நேரம் வலிப்பில் கொண்டுபோய் விடும். இரண்டாவது மூன்றாவது நாளில் மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கவும் கூடும். மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவதே சரி. சரி என்று தலையாட்டினார். போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

எங்கள் பிரிவில் இன்று ஒரு வாக்குவாதம். “சாப்பாட்டின் மேல் இருந்த வெறி பாட்டில் மேல் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்” என்றார் ஒரு சக ஊழியர். இந்த விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. துயரத்தைத் தின்று தீர்த்தவர், இப்போது குடித்துத் தீர்க்கிறார். சிலருக்கு அது உண்மையும்கூட. சாப்பாடு ஒன்றே ஆறுதலாக இருந்தவர்களை நானே அறிவேன்.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. எலிகளுக்கு இதே பைபாஸைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அறுவைக்குப் பிறகு அவையும் மதுவை அதிகம் நாடின. வயிற்றைத் தொடாமல் நேராக இரத்தக் குழாயில் மதுவைச் செலுத்தும்படி வைத்தபோதும் கூடுதலாக எடுத்துக்கொண்டன. அப்படியானால் விரைவாக உறிஞ்சப்படுவது மட்டும் காரணமாக இருக்க முடியாது. குடலிலிருந்து மூளைக்குப் போகும் செய்திகளே மாறுகின்றன என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒருவரைப் பார்த்து “மனக்கட்டுப்பாடு இல்லாதவன்” என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மதுப் பிரச்சினை உள்ளவர்கள் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம். அறுவைக்குப் பிந்தைய முதல் ஆண்டில் 7.3. இரண்டாம் ஆண்டில் 9.6. அதே ஆய்வின் தொடர்ச்சி 2017-இல் வந்தது. பைபாஸ் செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுக்குள் இந்தப் பிரச்சினையின் அறிகுறிகள் புதிதாகத் தோன்றியிருந்தன. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் முறையில் செய்துகொண்டவர்களும் தங்களுக்கு இது வராது என்று இருந்துவிட முடியாது.

முதல் ஆண்டில் ஏறவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. முதல் ஆண்டில்தான் நோயாளி எங்களிடம் அடிக்கடி வருகிறார், நாங்களும் துருவித் துருவிக் கேட்கிறோம். ஆபத்து தலைதூக்கும் நேரத்தில் அவரும் வருவதில்லை, நாங்களும் அழைப்பதில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இதை எழுதும்போது இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது.

காலையில் அவருடைய மனைவி அழைத்தார். நேற்று காந்தி ஜெயந்தி, டாஸ்மாக் கடை மூடியிருந்தது. வீட்டிலும் சரக்கு இல்லை. இரண்டு நாளாக அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. “ஆனாலும் குடித்தவர் போலவே தள்ளாடுகிறார் மேடம். ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கியாயிற்றா என்று இன்றைக்குக் கேட்கிறார். அது புதன்கிழமையே முடிந்துவிட்டது.” எங்கேயோ ஒளித்து வைத்துக் குடிக்கிறார் என்று மாமியாரும் மைத்துனரும் திட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

வாந்தி இருந்ததா என்று கேட்டேன். இரண்டு வாரமாக, எதைச் சாப்பிட்டாலும். கண்? “பொருள் இரண்டாகத் தெரிகிறது என்கிறார்.”

உடனே அழைத்து வரச் சொன்னேன். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் புறப்படலாமா என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் வற்றிக் கிடக்கும்போது குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் அதைச் செரிக்கச் செலவாகிவிடும். மூளைப் பாதிப்பு முற்றிவிடும். தயமின் முதலில், அல்லது இரண்டும் சேர்த்து. இந்த வரிசையை அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவர் வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அவசரப் பிரிவில் பார்த்தேன். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னபோது கருவிழிகள் நிலைகொள்ளாமல் விட்டுவிட்டு உதறின. கால்களை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்தபடி நின்றார். வெர்னிக்கே, அதாவது தயமின் இல்லாமல் வரும் மூளைப் பாதிப்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கண், நடை, மனக்குழப்பம் என்ற மூன்றும் இருந்தன. மூன்றும் ஒன்றாகத் தெரியாதவர்களே அதிகம், எனவே ஒன்றிருந்தாலே சந்தேகப்பட வேண்டும். உடம்பில் தயமின் சேமிப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. பைபாஸ், வாந்தி, குடி மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். இரத்தக் குழாய் வழியாக அதிக அளவில் தயமின் ஏற்றினார்கள். குடியை நிறுத்தியதால் வலிப்பு வராமலிருக்கத் தனி மருந்து.

நோயில் தள்ளாடிய மனிதரை, போதையில் தள்ளாடுகிறார் என்று ஒரு வீடே திட்டியிருக்கிறது. அந்த வீட்டைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

கண் முதலில் சரியாகிவிட்டது. நடை இன்னும் கோணல்தான், வாரங்கள் ஆகலாம். இரண்டு வாரத்து நினைவுகள் அங்கங்கே அறுந்திருக்கின்றன. அவை திரும்புமா என்பதை இப்போது யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள்.

அவருடைய மனைவி என்னைத் தனியே அழைத்து, கைப்பையிலிருந்து மடித்த துண்டுச்சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்’ என்று அச்சடித்திருந்தது. சாம்பாரில் கலக்க வேண்டிய பொடி. வாங்கட்டுமா என்றார். “அக்கா, வேண்டாம்” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். டைசல்ஃபிராம் கலந்திருந்தால், தெரியாமல் அதன்மேல் குடிக்கிறவருக்கு முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அது டாக்டர் எழுதித் தருகிற மருந்துதான். ஆனால் சாப்பிடுகிறவர் அறிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டியது.

அந்த அக்காவுக்கும் உதவி வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை, குடிப்பவரோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. அந்த வழியில் நடத்தும் மனநல மருத்துவர் எங்கள் ஊரிலும் இருக்கிறார். இருவருக்கும் சேர்த்து நேரம் வாங்கிக் கொடுத்தேன். நள்ளிரவில் பேச யாரும் இல்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். காலையிலிருந்து தொலைபேசியில் ஒரே கேள்வி மழை. தீபாவளி லேகியம் கொடுக்கலாமா? சுண்டைக்காய் அளவு பரவாயில்லை, வெல்லம் அதிகம், அதற்கு மேல் வேண்டாம். மைசூர்பாகு? வேண்டாம். காரச்சேவு? எண்ணெய் அதிகம், புரதம் குறைவு, வயிற்றில் இடத்தை அடைக்கும்.

மாமியார் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. பசி எடுப்பதற்கு அரிஷ்டம் கொடுக்கலாமா? கொடுக்கவே கூடாது. அரிஷ்டமும் ஆசவமும் புளிக்க வைத்துச் செய்பவை, ஆல்கஹால் அவற்றில் தானாகவே ஊறும். புட்டியின் மேல்தாளிலேயே அதைப் போட்டிருப்பார்கள். குடியை விட்டவருக்கு அது மறுபடி திறந்துவிட்ட கதவு. மருந்துக்கடையில் தைரியமாக வாங்குகிற பொருள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இருமல் டானிக்கிலும் இதைப் பார்த்து வாங்கச் சொன்னேன். தலைவலி, கால்வலி என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைப் போடக்கூடாது என்பதையும் நினைவூட்டினேன். பைபாஸ் இணைப்பில் புண் வர அவை போதும், சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நவம்பர் 5, புதன்

அறுவை நிபுணரிடம் ஒரு தாளோடு போனேன். அறுவைக்கு முன் ஒரு முறை, ஓராண்டில், ஒன்றரை ஆண்டில், பிறகு ஐந்து ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எல்லோரிடமும் மதுவைப் பற்றிக் கேட்க வேண்டும். வராதவர்களை நாமே அழைக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

அறுவைக்கு முன்பே இப்படிப் பேசினால் ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள், அறுவையால் பிழைக்க வேண்டியவர்கள் அதை இழப்பார்கள் என்றார். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. இந்தச் சிகிச்சை சர்க்கரை நோயாளிகளை எப்படி மீட்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். அறுவை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நான் அவர் அறைக்குப் போகவில்லை. ஐந்தில் ஒருவருக்கு வரக்கூடியதைக் கையெழுத்து வாங்குவதற்கு முன் சொல்லாமல் விடுவது என்ன நியாயம் என்றுதான் கேட்டேன்.

கேள்விகளையும் மாற்ற வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பட்டியலில், ஒரே அமர்வில் ஆறு பானம் அல்லது அதற்கு மேல் எத்தனை முறை என்று ஒரு கேள்வி உண்டு. எங்கள் ஆட்களுக்கு ஆறு தேவையே இல்லை, இரண்டிலேயே அந்த நிலை வந்துவிடும். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் அவர்கள் தப்பிவிடுவார்கள். ஆகவே ‘முன்பைவிடச் சீக்கிரம் ஏறுகிறதா, மாலை உணவைத் தள்ளிப் போடுகிறீர்களா’ என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்தேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

தாளுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஐந்து ஆண்டு என்பதை அவர் வெட்டவில்லை. அறுவைக்கு முன் பேசும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை, மிகவும் சந்தோஷமாக இருந்தது.

சாயப்பட்டறைக்காரர் இன்று மனைவியோடு வந்தார். கைத்தடி இல்லாமல் நடக்கிறார், படி இறங்கும்போது மட்டும் பிடிமானம் தேவைப்படுகிறது. கல்லீரல் பரிசோதனை பார்த்த பிறகு, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். தயமின் மாத்திரை தினமும். புரதம் 52 கிராம் வரை வந்திருக்கிறது. மாலை 7.30-க்கு எதிரே மனைவியின் கையெழுத்தில் ‘கொண்டைக்கடலை, அரைக் கிண்ணம்’ என்று இருந்தது. இன்னும் ஆசை வருகிறது, பட்டறை விடும் நேரத்தில்தான் அதிகம் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேரத்துக்கு மனைவி வாசலில் வந்து நிற்கிறாராம், பைக்கை அவர்தான் ஓட்டுகிறார்.

திங்கட்கிழமை முதல் பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு தொலைபேசியில் உட்காரப் போகிறேன். 2020-இல் அறுவை செய்துகொண்டவர்களிடமிருந்து தொடங்குகிறேன். அவர்கள் எங்கள் கண்ணைவிட்டுப் போய்த்தான் வெகு காலமாகிறது. எண் மாறியிருந்தால் வீட்டு முகவரிக்குக் கடிதம் போடலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.