இளம் கடற்காகங்கள்: வயது முதலில், பெயர் கடைசியில்

பெரிய கடற்காகங்கள் முதிர்ந்த பறவையின் இறகுக்கோலத்தை அடைய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதனால் இந்தக் குளிர்காலத்தில் எந்தப் பறவைக்கும் வயதைக் குறிக்காமல் இனப்பெயர் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். நம்பகமான அடையாளம் பிரைமரி இறகின், அதாவது இறக்கையின் வெளிப்புறத்தில் உள்ள நீண்ட பறக்கும் இறகின், நுனி. முதல் ஆண்டில் அது கூராக இருக்கும், இரண்டாம் ஆண்டில் வட்டமாக மழுங்கியிருக்கும். கண்ணின் நிறத்தையும் முதுகில் தலைகாட்டும் சாம்பல் இறகுகளையும் துணைக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பறவைக்குப் பறவை அவை முன்பின்னாக வரும்.

இறக்கை விரிந்த படம் ஒன்று கையில் இருந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். ஷட்டர் 1/2000 நொடி, வெளிர் இறகு வெளுத்துப்போகாத எக்ஸ்போஷர். முதல் ஆண்டு ஹெர்ரிங் கடற்காகத்தில் உள்பக்க பிரைமரிகள் வெளிறி, விரிந்த இறக்கையில் ஜன்னல் போலத் தெரியும். லெஸ்ஸர் பிளாக்-பேக்டு கடற்காகத்தில் அந்த இடமும் பெரும்பாலும் இருண்டே இருக்கும்.

உண்மையான தலைவலி வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், குறிப்பாகப் பியூஜெட் சவுண்ட் பகுதியில். வெஸ்டர்ன், கிளாக்கஸ்-விங்டு என்ற இரு கடற்காக இனங்களும் அங்கே தாராளமாகக் கலக்கின்றன. இந்தக் கலப்பினத்தை 'ஒலிம்பிக் கடற்காகம்' என்பார்கள். முதல் ஆண்டு வெஸ்டர்னில் இறக்கை நுனியும் வாலும் கருமை. கிளாக்கஸ்-விங்டில் அவை உடலின் நிறத்தையே ஒத்திருக்கும். கலப்பினத்தில் உடலைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பு. இந்தப் பழுப்பு நுனியைப் பார்த்ததும் தாயர்ஸ் என்ற வேறொரு கடற்காகம் என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. (2017 முதல் தாயர்ஸ் தனி இனமாக அல்லாமல் ஐஸ்லாண்ட் கடற்காகத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது.) அப்போது அலகைப் பார்க்க வேண்டும். ஒலிம்பிக்குக்குக் கனத்த அலகு, கீழ் அலகு நுனிக்கு அருகே புடைத்திருக்கும். தாயர்ஸின் அலகு மெலிந்தது, தலையும் உருண்டை. பறக்கும்போது தாயர்ஸின் வெளிப் பிரைமரிகளில் வெளிப்பாதி அடர்ந்தும் உட்பாதி வெளிறியும் இரட்டை நிறம் தெளியும். ஒலிம்பிக்கில் அவ்வளவு வேறுபாடு கிடையாது.

வசந்தம் நெருங்கும்போது நிறத்தை நம்பவே கூடாது. வெயிலும் தேய்மானமும் சேர்ந்து பழுப்பு இறகை வெண்மையாக்கிவிடும், கிளாக்கஸ்-விங்டு ஒன்று கிளாக்கஸ் என்ற வேறொரு வெளிர் இனத்தின் வேடம் போட்டு நிற்கும். கிளாக்கஸின் அலகில் அடிப்பகுதி இளஞ்சிவப்பு, நுனி கருப்பு, இரண்டுக்கும் நடுவே வெட்டினாற்போல ஓர் எல்லை. வெளுத்த கிளாக்கஸ்-விங்டின் அலகு பெரும்பாலும் கருப்பு. சற்றே வெளிறத் தொடங்கியிருந்தாலும் அந்தக் கூரிய எல்லை இருக்காது. மடங்கிய இறக்கையில் மேலிறகு மூடியிருக்கும் பகுதி வெயில் படாதது. சிறகு கோதும்போது அதைப் படமெடுத்தால் இறகின் பழைய நிறம் கிடைக்கும்.

முதிர்ந்த பறவைகளில் முதுகின் சாம்பல் அடர்த்தி ஒளியின் கோணத்துக்கு ஏற்ப மாறித் தெரியும். பக்கத்தில் அதே திசை நோக்கி நிற்கும் பறவையோடு மட்டும் ஒப்பிடலாம். மேகமூட்டமான நாள் இதற்கு மிக நல்லது.

ஒரே ஓர் அடையாளம் இடைப்பட்டிருந்தால் அதைக் கலப்பினம் என்று எழுதுவதில்லை. தூய இனத்துக்குள்ளேயே அந்த அளவு வேறுபாடு உண்டு. இறக்கை நுனி, அலகு, வால் மூன்றும் ஒரே பெற்றோர் சேர்க்கையைக் காட்டினால் 'கலப்பினமாக இருக்கலாம்' என்று எழுதி, அந்த மூன்றையும் தனித்தனியே விவரிக்கிறோம். கலப்பினம் மீண்டும் ஒரு பெற்றோர் இனத்தோடு கூடிப் பிறந்த பறவையைக் களத்தில் உறுதியாகப் பிரிக்க முடியாது. அவற்றுக்குக் குறிப்பேட்டில் 'பெரிய கடற்காகம், முதல் ஆண்டு' என்ற வரியே போதும்.