கெச்சாப் மானிஸ்: வெல்லமும் பாகுப் பதமும்

இந்தோனேசியாவில் கெச்சாப் என்றால் சோயா சாஸ். தக்காளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உப்புக் கரிப்பது கெச்சாப் ஆசின். வெல்லம் சேர்த்துப் பாகாகக் காய்ச்சியது கெச்சாப் மானிஸ். நாசி கோரெங் என்னும் வறுத்த சோற்றின் நிறம், குச்சியில் குத்திச் சுடும் கறியான சாத்தேயின் பளபளப்பு, செமூர் குழம்பின் இனிப்பு எல்லாம் இந்த இரண்டாவதன் வேலை. அங்கே எந்தப் புட்டியை எடுத்தாலும் ‘நம்பர் 1’ என்று அச்சிட்டிருப்பார்களாம். இரண்டாம் நம்பர் கெச்சாப்பை யாரும் விற்பதில்லை என்பது அந்த ஊர்க் கேலி.

சோயா சாஸ் என்று பெயர் இருந்தாலும் புட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான். அதனால் வீட்டில் செய்வதென்றால் முதலில் வெல்லத்தைப் பாருங்கள். ஜாவாவில் போடுவது குலா ஜாவா. தென்னை அல்லது ஆரென் பனையின் பதநீரைக் காய்ச்சி, சிரட்டையிலோ மூங்கில் குழாயிலோ ஊற்றி ஆறவைப்பது. நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அது கிடைக்காத ஊரில் தென்னை வெல்லம் மிக நெருக்கமாக வரும். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை: கித்துள் ஆரெனுக்குச் சொந்தக்கார மரம், அந்தக் கருப்பட்டி அருமையாகப் பொருந்தும். பனங்கருப்பட்டியும் சரிதான், புகைவாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சுக்குக் கருப்பட்டி மட்டும் வேண்டாம். கரும்பு வெல்லத்தில் செய்தால் பாயச வாசம் அடிக்கும்.

அடுத்தது சோயா சாஸ். லேபிளில் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று மட்டும் இருந்தால் நல்லது. பல மலிவான புட்டிகளில் 260 என்ற எண் இருக்கும்; அது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. வெல்லத்தோடு காய்ச்சினால் அந்தப் புளிப்பு துருத்திக்கொண்டு நிற்கும். ‘டார்க்’ சோயா சாஸும் வேண்டாம். அதில் பெரும்பாலும் காரமெல் நிறம் ஏற்கெனவே ஏற்றியிருக்கும், பதம் வந்ததா என்று நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அளவு: சோயா சாஸ் 250 மி.லி., வெல்லம் 300 கிராம், தண்ணீர் 100 மி.லி. வாசனைக்கு அன்னாசிப்பூ ஒன்று, தட்டிய பூண்டு 2 பல், நசுக்கிய லெமன்கிராஸ் தண்டு ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் லெங்குவாஸ். லெங்குவாஸ் என்பது நம் பேரரத்தை. பச்சையாகக் கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது வாங்கிச் சிறு துண்டு போடலாம். சித்தரத்தை வேறு, அதன் காரம் சாஸைக் கஷாயமாக்கிவிடும். ஜாவாவில் சாலாம் இலையும் போடுவார்கள். அதற்குப் பதிலாகப் பிரிஞ்சி இலையைப் போடுவதைவிட ஒன்றும் போடாமல் விடுவது மேல்.

அடிகனமான, ஆழமான பாத்திரத்தை எடுத்து, காலியாக இருக்கும்போதே எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, கொதி வந்ததும் துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் தூசியும் இல்லாத வெல்லம் அபூர்வம். வடித்த பாகை மறுபடி அடுப்பில் ஏற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே சோயாவையும் வாசனைப் பொருள்களையும் சேர்க்க வேண்டும். அதன் பின் தீ சிறியதாகவே இருக்கட்டும். பெருந்தீயில் நுரை பொங்கி வழியும், அடி பிடித்தால் கசப்பு வரும், அந்தக் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. 20 முதல் 30 நிமிடம் ஆகலாம்.

பலரும் கோட்டைவிடுவது இறக்கும் நேரத்தில்தான். சூடாக இருக்கும்போது கெச்சாப் தண்ணீராகத்தான் தெரியும். அடுப்பிலேயே தேன் போலக் கெட்டியானால், ஆறியதும் புட்டியிலிருந்து வராது. கம்பிப் பதம் வரை போகவே கூடாது. வாசனைப் பொருள்களை அரித்தெடுத்துவிட்டுப் பாத்திரத்தோடு எடை பாருங்கள்: பாத்திரத்தின் எடை போக சுமார் 520 கிராம் நின்றால் இறக்கிவிடலாம். தராசு இல்லையென்றால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள். மெதுவாக நகர்ந்து, பின்னால் மெல்லிய படலத்தை விட்டுச் செல்ல வேண்டும்.

பதம் மிஞ்சிப்போனால் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் இளகும். அடியில் கல்கண்டு போலப் படிந்தால் வெல்லம் சரியாகக் கரையவில்லை, அல்லது அளவுக்கு மேல் சுண்டிவிட்டது, மருந்து அதேதான். அடுத்த முறை பாகு கொதிக்கும்போது அரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள், சர்க்கரை மறுபடி படிகமாவது குறையும். மேலே பூசணம் வந்தால் பதம் போதவில்லை, அல்லது ஈரக் கரண்டி பட்டிருக்கிறது. அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

கருப்புச் சோயாவை வேகவைத்து, பூசணம் ஏற்றி, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, பிறகு வடித்து வெல்லத்தோடு காய்ச்சுவதுதான் மரபான முறை. சுவை ஆழமானது, மறுக்க முடியாது. ஆனால் சோயாவில் ஏற்றுவதற்கான ஆஸ்பெர்கில்லஸ் ஒரைசே என்ற பூசணத்தின் நம்பகமான வித்து கையில் இல்லாமல் காற்றில் வரும் பூசணத்தை நம்பி இறங்க வேண்டாம். பார்வைக்கு அதே பச்சையாக இருக்கும் இன்னொரு பூசணம் அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தாலும் அது போகாது.

புட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் மாதங்கள் தாங்கும். தொட்டுக்கொள்ளக் காரமான சம்பால் கெச்சாப் வேண்டுமென்றால் நான்கு மேசைக்கரண்டிக்கு நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்து, காந்தாரி மிளகாய் ஐந்து, அரை எலுமிச்சைச் சாறு, அடுப்பே வேண்டாம். சாத்தேவுக்கு என்றால் கறி முக்கால் வெந்த பிறகு தடவுங்கள். முதலிலேயே பூசினால், உள்ளே வேகும் முன் வெளியே கரியாகிவிடும்.