மாலாக் கொடுத்த இடம் எவ்வளவு?

காட்பாடியில் மாலை வேளைகளில் என்னிடம் சி மொழி படிக்க வரும் கல்லூரி மாணவர்களுள் யாரேனும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை: நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மாலாக் என்ற செயற்கூற்றின் மூலம் 100 பைட் வாங்கிய பிறகு, அந்த இடத்தின் முகவரியான சுட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தின் அளவை அறிய முடியுமா? அணிகளில் பழகிய கை உடனே, அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் என்பதை எழுதிப் பார்க்கும். 64 பிட் கணினியில் 8 என்று விடை வரும். அது சுட்டியின் அளவு. சுட்டப்படும் இடத்தின் அளவு அன்று.

சி மொழியின் தரத்தில், அதாவது அதன் அதிகாரப்பூர்வ விதித் தொகுப்பில், இதற்கென்று ஒரு செயற்கூறும் இல்லை. ஆனால் வாங்கிய இடத்தை விடுவிக்கும் ஃப்ரீ என்ற செயற்கூற்றுக்கும் நாம் சுட்டியைத் தவிர வேறெதையும் கொடுப்பதில்லையே, எவ்வளவு இடத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அளவு எங்கோ குறித்து வைக்கப்பட்டிருக்கத்தான் வேண்டும். லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி நூலகம் அதைச் சுட்டிக்கு நேர் முன்னால் இருக்கும் 8 பைட்டுகளில் எழுதி வைக்கிறது. 100 பைட் கேட்டுவிட்டு அந்த இடத்தை எட்டிப் பார்த்தால் (பாடத்துக்காக மட்டும், வேலைக்கான நிரலில் வேண்டாம்) வழக்கமாக 113 என்ற எண் கிடைக்கும். கேட்ட 100 உடன் குறிப்புக்கான 8 சேர்ந்து 108 ஆகிறது; நூலகம் ஒதுக்கும் துண்டுகளின் அளவு 16இன் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் அது 112 ஆக உயர்கிறது. 16இன் மடங்கில் கடைசி பிட்டுகள் எப்போதும் சுழியம் என்பதால் அவற்றை நூலகம் வேறு செய்திகளுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. மிஞ்சிய அந்த 1, முந்தைய துண்டு பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கான அடையாளம். சிக்கனத்தை இவர்களிடம்தான் கற்க வேண்டும்.

இந்தக் கணக்கை நாமே போட வேண்டியதில்லை. மாலாக்_யூசபிள்_சைஸ் என்ற செயற்கூற்றிடம் சுட்டியைக் கொடுத்தால் 112இலிருந்து 8ஐக் கழித்து 104 என்று சொல்லிவிடும். ஒரே ஒரு பைட் கேட்டிருந்தால் 24 என்றும், 25 கேட்டிருந்தால் 40 என்றும் சொல்லும். மேக்கில் மாலாக்_சைஸ், விண்டோஸில் _எம்சைஸ் என்று பெயர் மாறும். மாலாக் கொடுத்த அதே முகவரியைத் தர வேண்டும். ஒரு பைட் நகர்த்திய சுட்டியைத் தந்தால் வரும் விடைக்குப் பொருளில்லை.

அப்படியானால் மிகுதியான 4 பைட்டில் எழுதலாமா என்பது அடுத்த கேள்வி. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இரண்டு முழம் பூ வாங்கினால் கொசுறாகச் சிறிது கூடக் கிடைக்கும். அதை நம்பி யாரும் ஒன்றரை முழம் கேட்பதில்லை. ஜிலிப்சியின் மாலாக்குக்குப் பதிலாக ஜெமாலாக் என்ற வேறொரு நினைவக ஒதுக்கீட்டு நூலகத்தை இணைத்தால் அதே 100 பைட்டுக்கு 112 என்று விடை வரும். அதைவிட முக்கியமானது, தொகுப்பி உங்கள் கோரிக்கையான 100ஐ நினைவில் வைத்திருக்கிறது என்பது: எல்லை மீறி எழுதுவதைக் கண்டுபிடிக்கும் ஃபார்ட்டிஃபை சோர்ஸ் சோதனையை இயக்கித் தொகுத்த நிரலில் அந்த இடம் முழுவதையும், நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட் கொண்டு 104 பைட்டாக நிரப்ப முயன்றால், எல்லை மீறல் என்று சொல்லி நிரலே நின்றுவிடக்கூடும். ஆகவே மாலாக்_யூசபிள்_சைஸ், நினைவகம் எவ்வளவு வீணாகிறது என்று அளந்து பார்ப்பதற்கு மட்டுமே உகந்தது என்பது என் கருத்து.

நிரலுக்கு அளவு உண்மையிலேயே தேவைப்பட்டால், சுட்டியையும் கேட்ட அளவையும் ஒரே ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பில்) வைத்து இரண்டையும் சேர்த்தே அனுப்புவதுதான் நேர்வழி. சி மொழியின் புதிய தரமான சி23இல் வந்துள்ள ஃப்ரீ_சைஸ்டு என்ற செயற்கூறு, விடுவிக்கும்போது அளவையும் நம்மிடமே கேட்கிறது. அங்கே 100 என்று கேட்ட இடத்துக்கு 104 என்று கொடுத்தால், அதன் பிறகு நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குத் தரம் எந்த உறுதியும் தருவதில்லை.