சுகர் பரம்பரையா? இரண்டு ஊர்ப் பிமாக்களும் நம்ம நாஞ்சில் நாடும்

குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 200-ம் அதற்கு மேலும் காட்டினால் சர்க்கரை நோய் என்று ரிப்போர்ட்டில் போடுகிறோம். இந்த 200 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் லேப்பில் வேலை பார்க்கிற எங்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஹீலா என்று ஒரு ஆறு, அதன் கரையில் பிமா என்ற பழங்குடி மக்கள். 1965-இல் இருந்து அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்து ஆட்கள் இவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, குளுக்கோஸ் கொடுத்து, ரத்தம் எடுத்துக் கணக்கு வைத்துக்கொண்டே வந்தார்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம் என்று அளவுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பது இவர்களிடம்தான் பளிச்சென்று தெரிந்தது. 200-க்கு அது ஒரு முக்கிய ஆதாரம். வெறும் வயிற்று அளவை 140-இல் இருந்து 126-க்கு 1997-இல் குறைத்தார்களே, அதற்குப் பார்த்த கணக்குகளிலும் சர்க்கரையால் கண் பாதித்திருக்கிறதா என்று பிமாக்களுக்குச் செய்த விழித்திரைப் பரிசோதனை உண்டு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் வந்து கையை நீட்டும்போது பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

(வெறும் வயிறு என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். "ஒண்ணும் சாப்பிடல்ல, ஒரு சாயா மட்டும்" என்பார்கள்.)

ஆனால் நான் எழுத வந்தது எண்ணைப் பற்றி இல்லை, பரம்பரை என்ற பேச்சைப் பற்றி. இங்கே வருகிறவர்களிடம் எப்படி வந்தது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் பரம்பரை என்று முடித்துவிடுவார்கள். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், மகன் சவூதிக்குப் போன பிறகு வேலையை விட்டவர், "எங்க அப்பனுக்கும் இருந்திருக்கும் மக்கா, அதான் எனக்கும்" என்றார். உங்க அப்பாவுக்கு எப்போ டெஸ்ட் எடுத்தீங்க என்று கேட்டேன். எடுத்ததே இல்லையாம். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களுக்கு நடந்த மனிதர், அப்புறம் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அதே மரங்களுக்குத் திரும்பவும் நடந்து பால் எடுத்தவர், இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நடை நின்று போனது அவர் கணக்கில் வரவே இல்லை.

பிமாக்களைப் பற்றியும் விஞ்ஞானிகளே முதலில் இப்படித்தான் பேசினார்கள். 1962-இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியல் அறிஞர் ஒரு கருத்தைச் சொன்னார். பஞ்ச காலத்தில் கொழுப்பைச் சேர்த்து வைத்துப் பிழைக்க உதவிய மரபணு, சாப்பாடு தாராளமாகக் கிடைக்கிற காலத்தில் நோயாகத் திரும்புகிறது என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருந்தது. பிமாக்கள் அதற்கு உதாரணமாக எல்லாப் பாடப்புத்தகத்திலும் ஏறினார்கள். ரத்தத்திலேயே இருக்கிறது, என்ன செய்ய முடியும் என்று ஆகிவிட்டது.

இதே பிமா மக்களில் இன்னொரு பிரிவு மெக்சிகோவில் இருக்கிறது. சொனோரா மாநிலத்தில், சியரா மாத்ரே மலையில், மைக்கோபா என்ற ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும். பல நூற்றாண்டுக்கு முன் பிரிந்தவர்கள்தான், என்றாலும் மரபணு பார்த்தால் நெருங்கிய உறவு. 1995-இல் இங்கே ஒரு கணக்கெடுப்பு நடந்தது, முடிவு 2006-இல் விரிவாக வெளியானது. அரிசோனா பிமாக்களில் நீரிழிவு 38 சதவீதம். மைக்கோபா பிமாக்களில் 6.9 சதவீதம். மரபணுவில் இவ்வளவு நெருக்கம், இருந்தும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த இரண்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, பாரம்பரிய உணவு, இயற்கை வாழ்க்கை" என்று வாட்ஸப்பில் போட்டுவிடலாம். போடுகிறார்கள். அந்த ஆய்வில் மூன்றாவதாக ஒரு எண் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மைக்கோபாவிலேயே வாழும் பிமா அல்லாத மெக்சிகோக்காரர்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் கலப்பு இன மக்கள், அவர்களிடம் 2.6 சதவீதம். உடல் பருமனும் அந்த ஊரில் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: பிமா ஆண்களில் 7 சதவீதம், மற்றவர்களில் 9. பெண்களில் 20-ம் 27-ம். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மூன்றாவது கூட்டம்தான். ஒரே மலை, ஒரே குளிர், ஒரே சோள ரொட்டியும் பீன்ஸும் உருளைக்கிழங்கும். ஆனால் ஊருக்குள் நிலை ஒன்றல்ல. மாடும் மேய்ச்சல் நிலமும் கடையும் பெரும்பாலும் பிமா அல்லாதவர்கள் கையில். பிமாக்கள் சின்னத் துண்டு நிலத்தில் மாட்டையோ கோவேறு கழுதையையோ பூட்டி உழுவார்கள், போதாதபோது மர அறுவை ஆலைக்கும் சுரங்கத்துக்கும் கூலிக்குப் போவார்கள். மெக்சிகோ பிமாவுக்குச் சுகர் குறைவு என்றால் அது ஏதோ ஞானத்தால் இல்லை, உடம்பு உழைக்காமல் அடுப்பு எரியாது என்ற நிலையால். மலைக்கு நல்ல தார்ச்சாலையே 1990-களில்தான் போய்ச் சேர்ந்தது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக முடியாத ஊரைப் பார்த்து ஆரோக்கிய ஊர் என்று பாராட்ட எனக்கு வாய் வரவில்லை.

சரி, அரிசோனா பிமாக்களுக்கு என்ன ஆனது? இதைத்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது தண்ணீர்க் கதை, நமக்குப் புரிகிற கதை.

அந்த மண்ணும் 1854 வரை மெக்சிகோதான். அமெரிக்கா காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. (நம்ம மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி என்று இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள், கோடு மாறுவது நமக்கும் புதிதில்லை.) பிமாக்கள் ஹீலா ஆற்றில் வாய்க்கால் வெட்டிப் பாலைவனத்தில் விவசாயம் செய்தவர்கள். அவர்களுக்கு முன்னால் அதே மண்ணில் இருந்த ஹோஹோகம் மக்கள் வெட்டிய வாய்க்கால்களின் தடம் இன்றும் இருக்கிறது. சோளம், பூசணி, டெப்பரி என்ற வறட்சி தாங்கும் பயறு, அப்புறம் ஐரோப்பியர்கள் கொண்டுவந்த கோதுமை. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டம் வழியில் பசியாறியது இவர்கள் கோதுமையில்தான். அமெரிக்க ராணுவமே இவர்களிடம் தானியம் வாங்கியது. யாரிடமும் கையேந்தாத, விற்கிற அளவுக்கு விளைவித்த ஜனங்கள்.

1860-களுக்குப் பிறகு மேலே, ஆற்றின் தலைப்பக்கம் குடியேறிய வெள்ளை விவசாயிகள் தண்ணீரைத் திருப்பினார்கள். 1890-கள் வாக்கில் பிமா நிலத்துக்கு வந்து சேர்ந்தது மணல் மட்டும். பஞ்சம் வந்தது. மெஸ்கீட் மரத்தை வெட்டி விறகாக விற்றுப் பிழைத்தார்கள். மெஸ்கீட் நம்ம சீமைக்கருவேலத்துக்கு உறவு மரம். அதன் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டவர்கள், கடைசியில் அந்த மரத்தையே விற்கும்படி ஆயிற்று. 1930-இல் கூலிட்ஜ் அணையைத் திறந்தார்கள், பிமாக்களுக்குத் தண்ணீர் தருவதாகச் சொல்லித்தான். சொன்ன அளவுக்கு வரவே இல்லை.

விளைச்சல் போன இடத்தில் அரசாங்கச் சாமான் வந்தது. வெள்ளை மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை, டின் இறைச்சி, பின்னாளில் பெரிய கட்டியாகச் சீஸ். மாவையும் கொழுப்பையும் வைத்து என்ன செய்ய முடியும்? பொரித்த ரொட்டிதான் செய்ய முடியும். ஃப்ரை பிரெட் என்கிற அந்த ரொட்டி இன்று அமெரிக்கப் பழங்குடிகளின் அடையாளம், திருவிழாவில் அது இல்லாமல் கடை கிடையாது. பஞ்சத்துக்குக் கொடுத்த சாமான் பெருமைக்குரிய பண்டமாகிவிட்டது. இதைச் சொல்லி அவர்களைக் குறைத்துப் பேச வரவில்லை, நம்ம மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கதையும் அதேதான். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா அரிசிப் பஞ்சத்துக்கு மாற்றாகப் பரப்பிய கிழங்கு, இன்று சாளைக்கறியும் மரச்சீனியும் என்றால் நமக்கு உயிர்.

1940-இல் ஜாஸ்லின் என்ற புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் அரிசோனாவில் பார்த்தபோது அங்குள்ள பழங்குடிகளிடம் இந்த நோய் மற்றவர்களைவிட அதிகம் என்று தெரியவில்லை. கால் நூற்றாண்டு கழித்து ஆராய்ச்சியாளர்கள் வந்தபோது உலகத்திலேயே அதிகம். கால் நூற்றாண்டில் எந்த மரபணு மாறும்? மாறியது நிலமும் வேலையும் தட்டும். அதே பிமா ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, எனக்குத் தூக்கிவாரிப் போட்ட தகவல் அது: ஒரே தாயின் பிள்ளைகளில், தாய்க்குச் சுகர் வருவதற்கு முன் பிறந்தவர்களைவிட வந்த பின் பிறந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகம். அம்மா, அப்பா, வீடு எல்லாம் ஒன்றுதான். கருவில் இருந்தபோது தாயின் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியது என்பதுதான் வேறு. பரம்பரை என்று நாம் சொல்வதில் எவ்வளவு பரம்பரை என்று இதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கிறது. மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் அது தனியாக வந்து யாரையும் பிடிக்கவில்லை.

அப்புறம் காசு வந்தது. ஹீலா ஆற்றுப் பழங்குடிச் சமூகத்துக்கு இன்று பீனிக்ஸ் நகரத்தின் தெற்கு ஓரத்தில் சூதாட்ட விடுதிகள் உண்டு. 2004-இல் தண்ணீர் வழக்குக்கும் தீர்வு வந்து, வருடத்துக்கு 6,53,500 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி) அவர்களுக்கு என்று சட்டமே போட்டார்கள். அரிசோனா கால்வாய்த் திட்டத்தில் அவர்கள் பங்குதான் பெரிய பங்கு. மெக்சிகோ பிமாவோடு பணத்தில் ஒப்பிட்டால் எங்கேயோ இருக்கிறார்கள். ஆனால் மூன்று நான்கு தலைமுறை வயலில் இறங்காத பிறகு தண்ணீர் வந்தால் எல்லாரும் மண்வெட்டியைத் தூக்கிவிடுவார்களா? சிலர் டெப்பரி பயறை மீண்டும் போடுகிறார்கள், நல்ல விஷயம். மற்றவர்கள் எல்லாரையும் போல நகரத்து வேலைக்குப் போகிறார்கள். (ஜவுளிக்கடையில் பிமா காட்டன், சுபிமா என்று விலை கூட்டி விற்கிறார்களே, அந்தப் பெயரும் இவர்களுடையதுதான், அந்த ரகத்தை அரசுப் பண்ணையில் வளர்த்துக் கொடுத்ததற்காக. பெயர் கிடைத்தது.)

மைக்கோபாவுக்கு 2010-இல் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். சாலை, மின்சாரம், வண்டி, கடைச் சாமான் எல்லாம் மலைக்கு ஏறியிருந்தன. உடல் பருமன் இரு சாராரிடமும் கூடியிருந்தது. நீரிழிவு யாரிடம் பாய்ந்து ஏறியிருந்தது தெரியுமா? பிமா அல்லாத மெக்சிகோ ஆண்களிடம். 1995-இல் பூஜ்ஜியம், 2010-இல் 8.6 சதவீதம். பிமா ஆண்களிடம் 5.8-இல் இருந்து 6.1, அவ்வளவுதான். ரத்தம்தான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? வண்டியும் வசதியும் முதலில் யாருக்கு வந்ததோ அவர்களிடம் நோயும் முதலில் ஏறியது என்பது என் ஊகம். ஆய்வாளர்கள் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம்ம பக்கம் பார்த்தால் ஒரு குறை படுகிறது. நம்மிடம் தண்ணீரை யாரும் திருடவில்லை. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை இருக்கிறது, ஜூனில் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லுக்குத் தண்ணீர் திறக்கிறார்கள், கால்வாய் நாஞ்சில் நாட்டுக்குள் ஓடத்தான் செய்கிறது. ஓடுகிற கால்வாயின் இரண்டு பக்கமும் வயல் தென்னையாகி, வாழையாகி, பிளாட்டாகிவிட்டது. நெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை, களை பறிக்க ஆள் இல்லை, கல்ஃப் பணத்துக்கு வீடு வேண்டும். விற்றவரைக் குறை சொல்ல முடியாது. வரப்பில் நடந்தவர் இப்போது ஸ்கூட்டரில் ரேஷன் கடைக்குப் போய் 2011-இல் இருந்து இலவசமாகக் கிடைக்கிற அரிசியையும், மலிவு விலையில் பாமாயிலையும் சர்க்கரையையும் வாங்குகிறார். ரேஷன் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை, பசி தெரிந்த எந்த வீட்டிலும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அரிசி, எண்ணெய், சர்க்கரை என்ற அந்தப் பட்டியலைப் பிமாக்களுக்குக் கொடுத்த பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் நீரிழிவு இந்தியாவுக்கு 11.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 14.4, கேரளாவுக்கு 25.5. நாம் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம், சாப்பாட்டிலும் பழக்கத்திலும் பாதி அந்தப் பக்கம். இங்கேயும் மைக்கோபா மாதிரி ஒப்பிட்டுப் பார்க்க ஆள் உண்டு. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புகள், படகில் கடந்து கீழே வருகிறவர்கள். கீழே ரப்பர் தோட்டக்காரர்கள். இன்னும் கீழே வயலை விற்றவர்கள். கடற்கரையில் கட்டுமரம் விட்டு விசைப்படகுக்கு மாறியவர்கள். ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் நாலு விதமான உழைப்பு, நாலு விதமான தட்டு. காணிக் குடியிருப்பிலும் மிளகும் ரப்பரும் வந்து, பாக்கெட் பலகாரம் வந்து நாளாகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே போகிறது, அது பெரிய உதவி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மாத்திரை வாங்குகிறவர் என்ன வேலை செய்தார், எப்போது விட்டார் என்பதை எழுத அந்த நோட்டில் இடம் இருக்கிறதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் லேப் பாரத்தில் இல்லை. பெயர், வயது, ஆண்/பெண், "குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா" என்று ஒரு கட்டம், முடிந்தது. முன்பு செய்த வேலை, இப்போது செய்யும் வேலை என்று இன்னும் இரண்டு கட்டம் சேர்க்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அச்சடித்த பாரம் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கிறதாம், தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதுவரை நான் பாரத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.