ஈராக்கில் தடைகள் எங்கே தவறின

பொருளாதாரத் தடையால் பலன் உண்டா என்ற பேச்சு எழும்போதெல்லாம் என் நினைவுக்கு முதலில் வருவது ஈராக்தான். 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் ஹுசைனின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. நான்கே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவை 661ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, மருந்து போன்ற சில விலக்குகளைத் தவிர ஈராக்கின் வணிகம் முழுவதையும் நிறுத்தியது. ஏற்றுமதி வருவாய் ஏறத்தாழ முழுவதும் எண்ணெயை நம்பியது. அந்த எண்ணெயோ பெரும்பாலும் அண்டை நாடுகளின் வழியாகச் செல்லும் குழாய்களை நம்பியது. தடை விதிக்க இதைவிட வாகான நாடு அமைவது அரிது. அப்படியிருந்தும் ஈராக் படைகளைக் குவைத்திலிருந்து வெளியேற்றியது தடையன்று, 1991 பிப்ரவரியில் முடிந்த போர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. 1991 ஏப்ரலில் வந்த 687ஆம் தீர்மானம், அணு, வேதி, உயிரி ஆயுதங்களையும் 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் ஒழித்தால் எண்ணெய் ஏற்றுமதிக்கான தடை விலகும் என்று எழுத்தில் சொன்னது. ஆனால் அடுத்த மாதமே அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், சதாம் பதவியில் இருக்கும்வரை தடைகளை விலக்க விரும்பவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். 1997இல் வெளியுறவுச் செயலர் மேடலின் ஆல்பிரைட்டும், ஆயுதங்களை ஒப்படைத்தால் மட்டும் தடைகள் விலகிவிடும் என்ற வாதத்தைத் தாங்கள் ஏற்கவில்லை என்றார். எதைச் செய்தாலும் கதவு திறக்காது என்று தெரிந்துகொண்ட ஓர் ஆட்சியாளன், எதற்காக முழுமையாகப் பணிய வேண்டும்? சதாமை நான் நல்லவராக்க முயலவில்லை. ஆயுதங்கள் பலவற்றை அவரது அரசு பதிவேதுமின்றி இரகசியமாக அழித்தது. உயிரி ஆயுதத் திட்டத்தை ஆண்டுக்கணக்கில் மறைத்தது. ஆனால் உண்மையைச் சொல்வதால் எதுவும் கிடைக்காது என்ற நிலையை உருவாக்கியவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள்.

இதில் மிகவும் வேதனை தரும் செய்தி ஈராக்கில் ஆயுதங்களைத் தேடிய குழுவின் தலைவர் சார்லஸ் டூல்ஃபர் 2004இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இருக்கிறது. ஈராக் அறிவிக்காமல் வைத்திருந்த வேதி ஆயுத இருப்பு 1991இலேயே அழிக்கப்பட்டுவிட்டது என்று அது கண்டறிந்தது. அதாவது, தடையும் ஐ.நா. ஆயுதச் சோதனையாளர்களும் சேர்ந்து ஆயுதக் களைவில் வென்றிருந்தார்கள். அந்த வெற்றியை நம்ப எவரும் அணியமாக இல்லை.

உள்ளே மக்கள் என்ன ஆனார்கள்? 1990 செப்டம்பரிலேயே அரசு ரேஷன் முறையைக் கொண்டுவந்தது. மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, சமையல் எண்ணெய் ஆகியவை மாதந்தோறும் தெருமுனைக் கடையில் அட்டைக்குக் கிடைத்தன. அட்டையை வழங்கியது அரசு. பசியை உண்டாக்கினால் மக்கள் அரசுக்கு எதிராகத் திரும்புவார்கள் என்று கணக்குப் போட்டவர்கள், அந்தப் பசிக்குச் சோறு போடும் ஒரே கை அரசின் கையாகிவிடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. முன்பு ஒரு தினாருக்கு மூன்று டாலர் என்று அதிகாரபூர்வ மதிப்பு இருந்த நாட்டில், 1995 வாக்கில் வெளிச்சந்தையில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ மூவாயிரம் தினார் கொடுக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களின் மாதச் சம்பளம் ஒருசில டாலர்களாகச் சுருங்கியது. பாக்தாத்தின் முத்தனப்பி தெருவில், வெள்ளிக்கிழமைச் சந்தையில், படித்தவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களைத் தரையில் பரப்பி விற்றார்கள். எதிர்ப்புக் குரல் எழுப்பக்கூடிய நடுத்தர வர்க்கம் இப்படித்தான் கரைந்தது.

குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின்கூட ஆயுதத்துக்குப் பயன்படலாம் என்ற காரணத்தால் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டது. ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்று அன்று பரவிய எண்ணிக்கையைப் பிற்காலக் கணக்கெடுப்புகள் உறுதிசெய்யவில்லை என்பதால் அதை நான் எடுத்தாளவில்லை. அந்த எண் இல்லாமலே துயரம் போதுமான அளவு பெரியது. ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் தடைகளைக் கண்டித்துப் பதவி விலகினார்கள்.

இதனுடன் லிபியாவை ஒப்பிடலாம். 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் விமானம் வெடித்து 270 பேர் இறந்த வழக்கில், சந்தேக நபர்களான லிபியர் இருவரை ஒப்படைக்கக் கோரி 1992இல் ஐ.நா. தடை விதித்தது. விமானப் போக்குவரத்தும் ஆயுத விற்பனையும் நின்றன. பின்னர் சில எண்ணெய்க் கருவிகளும் சேர்க்கப்பட்டன. ஆனால் எண்ணெய் ஏற்றுமதி தொடர்ந்தது. ஈராக்கை நெரித்த தடையோடு பார்த்தால் இது மிக மென்மையானது. எனினும் கோரிக்கை குறுகியது, லிபிய ஆட்சியாளர் கடாஃபியின் பதவியைத் தொடாதது. நெதர்லாந்தில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி விசாரணை என்ற சமரசத்தை ஏற்ற பாதுகாப்பு அவை, இருவரும் வந்து சேர்ந்ததும் தடைகள் நிறுத்திவைக்கப்படும் என்று 1998இல் தீர்மானமாகவே எழுதிக் கொடுத்தது. 1999 ஏப்ரல் 5 அன்று இருவரும் நெதர்லாந்தில் இறங்கினார்கள். அன்றே தடைகள் நிறுத்திவைக்கப்பட்டன.

ஈராக் மீதான வணிகத் தடைகளைப் பாதுகாப்பு அவை விலக்கியது 2003 மே 22 அன்று. அப்போது பாக்தாத் அமெரிக்கப் படைகளின் வசம் வந்து ஆறு வாரங்கள் ஆகியிருந்தன.