தம்பி அனுப்பிய லிமோசின்

டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில் இறங்கி போனை ஆன் செய்ததும் தம்பியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்து விழுந்தது. "லிமோசின்ல ஏறி ஹகோசாகி வந்துடுங்க. நான் அங்க நிக்கறேன்."

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் பேச்சே வரவில்லை. பிறகு, "ஏண்டி, அவனுக்கு எதுக்கு இந்த வீண் செலவு? நாம என்ன கல்யாணப் பொண்ணா?" என்றாள். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனவள் திரும்பி வர கால் மணி நேரமாயிற்று. வந்தபோது தலை வாரி, முகம் கழுவி, புடவை மடிப்பெல்லாம் நீவி விட்டிருந்தாள். பத்து மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்த களைப்பு இருந்த இடம் தெரியவில்லை. நீளமான கறுப்புக் கார், கதவைத் திறந்துவிட ஒரு தொப்பிக்காரர் என்று மனசுக்குள் ஒரு காட்சியே ஓடியிருக்கும். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து நின்றது வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட ஒரு பஸ். நெற்றியில் கொட்டை எழுத்தில் லிமோசின்.

"இதுவா?" என்றாள் அம்மா.

ஜப்பானிலும் கொரியாவிலும் ஏர்போர்ட் பஸ்ஸுக்கு லிமோசின் என்றுதான் பெயர். பிரான்சில் லிமூசான் என்று ஒரு பகுதி இருக்கிறது, சொல்லின் வேர் அங்கே. அது காராகி, நீளக் காராகி, கிழக்கே வந்து சேர்வதற்குள் பஸ்ஸாகிவிட்டது. தம்பி அங்கே ஐந்து வருடமாக இருக்கிறான். அந்தப் பெயரில் சிரிக்க ஏதாவது இருக்கிறது என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

நான் ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருக்கிறவள். ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் போக ரயில், டாக்சி, பஸ் என மூன்றும் இருந்தால் பெரும்பாலும் பஸ்ஸைத்தான் தேடுவேன். அலுவலகத்தில் இதற்காகக் கேலி செய்வார்கள். ரயில் வேகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நரிதாவிலிருந்து ஸ்கைலைனர் ரயில் டோக்கியோவின் நிப்போரி நிலையத்துக்கு 36 நிமிடத்தில் போய்விடும், மணிக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடும். ஆனால் அந்த 36 நிமிடம் ஒரு பிளாட்ஃபாரத்திலிருந்து இன்னொரு பிளாட்ஃபாரத்துக்கு ஆகும் நேரம். அதற்குப் பிறகு லிஃப்டைத் தேடி, வண்டி மாறி, மறுபடி ஒரு லிஃப்டைத் தேடி, கடைசியில் லிஃப்ட் இல்லாத ஒரு வாசலில் போய் முட்டி நின்று, இரண்டு பெட்டிகளையும் முட்டிவலிக்கார அம்மாவையும் மேலே ஏற்றும் நேரத்தை எந்தக் கால அட்டவணையும் போடுவதில்லை.

டெர்மினல் வாசலில் தரையில் கோடு போட்டு வரிசை பிரித்திருந்தார்கள். சீருடையில் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, எங்கே இறங்குகிறோம் என்று கேட்டான். ஹகோசாகி என்றேன். இரண்டு சீட்டுகளை எடுத்தான். இரண்டிலும் ஒரே எண். ஒன்றைப் பெட்டியின் கைப்பிடியில் கட்டினான், மற்றதை இரண்டு கைகளாலும் பிடித்து அம்மாவிடம் நீட்டினான். அம்மாவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அது நேராகச் சுருக்குப்பைக்குள் போனது, பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில். எங்கள் பெட்டிகள் பஸ்ஸின் வயிற்றுக்குள் போயின. எல்லாப் பெட்டியின் கைப்பிடியும் வெளிப்பக்கம் பார்த்து இருக்கும்படி அவன் திருப்பி வைத்ததைப் பார்த்தேன். இறக்கும்போது இழுக்க வசதி.

பஸ் நகர்ந்தது. அந்தப் பையனும் கூட நின்ற இன்னொருவரும் பஸ்ஸைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். அம்மா சட்டென்று கண்ணாடிக்கு உள்ளிருந்தே கைகூப்பினாள்.

அடுத்த டெர்மினலில் நின்று இன்னும் சிலரை ஏற்றிக்கொண்டது. அதோடு சரி, பிறகு எங்கும் நிற்கவில்லை. இந்தப் பஸ்களுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வருவதே அதனால்தான். பக்கத்தில் போகும் லாரி ஓடும் அதே சாலையில், ஏறக்குறைய அதே வேகத்தில்தான் இதுவும் ஓடுகிறது. மற்ற பஸ்கள் நிற்கிற இடங்களில் இது நிற்பதில்லை, அவ்வளவுதான். அதனால் புது ஊரில் ஏர்போர்ட் பஸ்ஸைப் பார்த்தால் எவ்வளவு நேரமாகும் என்று நான் முதலில் கேட்பதில்லை. எங்கெல்லாம் நிற்காது என்று கேட்பேன். கவுன்டரில் இருப்பவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். விழித்துவிட்டுச் சொல்லும் பதிலில்தான் நமக்கு வேண்டிய விவரம் இருக்கும்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஹாங்காங். வேலை விஷயமாக முதன்முதலில் போனபோது, பஸ் எண்ணுக்கு முன்னால் இருக்கும் ஆங்கில எழுத்தைக் கவனிக்கவில்லை. அங்கே ஏ என்று தொடங்கினால் நேராக நகரத்துக்குப் போகும். ஈ என்றால் குறைந்த கட்டணம், ஊரைச் சுற்றும். என் என்றால் ராத்திரி வண்டி. நான் ஏறியது ஈ21. அது விமான நிலையத்தை விட்டு வெளியே போகவே மனசில்லாத மாதிரி சரக்குக் கிடங்குகள், விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் கூடங்கள் என்று ஒவ்வொன்றாகப் போய் நின்றது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் கழுத்தில் அடையாள அட்டையோடு ஆட்கள் ஏறினார்கள். ஏறி உட்கார்ந்த மறுநிமிடம் தூங்கினார்கள். ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர்கள். பெரிய பெட்டியோடு இருந்தவள் நான் ஒருத்திதான். கௌலூன் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்கு வைக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளாத குறை. ஆனால் ஒரு விமான நிலையத்தை எத்தனை பேர் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த தடவை உஷாராக ஏ21 பிடித்தேன். மாடி பஸ், மேல்தளத்தில் முன்வரிசை இருக்கை கிடைத்தது. பெட்டி கீழே அலமாரியில். அதைப் பார்த்துக்கொள்ள மேலே ஒரு திரை வைத்திருக்கிறார்கள். கீழே இருக்கும் கேமரா காட்டும் படம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் சிங் மா தொங்கு பாலம் வருகிறது. 1997-ல் திறந்தது, இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே மட்டும் 1377 மீட்டர், அடியில் கப்பல் போகிற கடல். இதே பாலத்தின் கீழ்த்தட்டில், இரும்புச் சட்டங்களுக்கு நடுவே, ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயில் 24 நிமிடக் கணக்கில் பறந்துகொண்டிருக்கும். நான் இருப்பதோ மேல்தட்டு, அதிலும் மாடி. இத்தனை வசதி இருந்தும் பாதி நேரம் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் என் நீலப் பெட்டி அரை அடி முன்னால் வந்து, மறுபடி பின்னால் போனது. அலுக்கவே இல்லை.

அந்த பஸ் நாதன் சாலையில் இறங்கி, மாங் காக், யாவ் மா தே, ஜோர்டான் என்று கடை வாசல்களை உரசிக்கொண்டு போகும். 1998 வரை விமானங்களே இந்தப் பக்கத்துக் கட்டிடங்களின் தலைக்கு மேல் தாழப் பறந்துதான் கை டாக் என்ற பழைய விமான நிலையத்தில் இறங்கின. கை டாக்கை மூடி, விமான நிலையத்தைத் தள்ளி லாண்டாவ் தீவை ஒட்டிக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் இந்தப் பஸ்களுக்கெல்லாம் வேலை வந்தது.

எங்கேயும் இதே கதைதான். ஊர் பெருக்கிறது, ஓடுபாதைக்கு இடம் போதவில்லை, விமான நிலையம் வெளியே குடிபோகிறது. பெங்களூரில் 2008 மே மாதம் எச்ஏஎல் விமான நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்கு மாறினார்கள். கேஐஏ என்று தொடங்கும் எண்களோடு ஓடும் வாயு வஜ்ரா பஸ்கள் அந்த மாற்றத்தோடு வந்தவை. மெஜஸ்டிக் பஸ் நிலையம் போக ஒன்பதாம் எண். இந்திரனின் ஆயுதத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு ஹெப்பால் மேம்பாலத்தில் அது நகரும் வேகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

சில ஊர்களில் இந்தக் கூத்து எல்லை மீறிப் போகும். ஸ்டாக்ஹோம் ஸ்கவ்ஸ்டா என்று டிக்கெட்டில் போட்டிருக்கும், இறங்கினால் ஸ்டாக்ஹோம் இன்னும் 100 கிலோமீட்டர். ஃபிராங்ஃபர்ட் பெயரை ஒட்டவைத்துக்கொண்ட ஹான் விமான நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அங்கெல்லாம் வாசலில் பஸ் இல்லாவிட்டால் அந்தப் பெயர் ஒரு நாள் தாங்காது.

ஐஸ்லாந்து வேறு மாதிரி. நாட்டிலேயே ரயில் கிடையாது. கெஃப்லாவிக் விமான நிலையத்திலிருந்து தலைநகர் ரெய்க்யவிக் சுமார் 50 கிலோமீட்டர், வழியெல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்காடு. அங்கே பஸ்ஸுக்கு மணிக்கணக்கு இல்லை, விமானக் கணக்குதான். விமானம் இறங்கினால் அதையொட்டி பஸ் கிளம்பும். எங்கள் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். நடு ராத்திரி, பக்கவாட்டில் அடிக்கிற மழை. ஓடிவந்து பார்த்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுநர் தேமே என்று உட்கார்ந்திருந்தார். எனக்காக ஒரு வாகனம் காத்திருந்தது என்று நினைக்கவே ஒரு மாதிரி இருந்தது. நகர மையத்துச் சந்துகளில் பெரிய பஸ்களுக்கு அனுமதி இல்லை. அதனால் ஊருக்குள் வந்ததும் சின்ன வேனுக்கு மாற்றி, எண் போட்ட நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள்.

எல்லாம் இப்படி இனிமையாகவே முடிந்ததில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஊரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு, முக்கால் மணி நேரப் பயணம் என்று எழுதிப் போட்ட பஸ். நெடுஞ்சாலையில் ஏறிய பத்தாவது நிமிடம் முன்னால் ஏதோ விபத்து. நின்றுவிட்டோம். ஐம்பது நிமிடம் அசையவில்லை. எங்கும் நிற்காத வண்டி என்று பெருமையாக ஏறியிருந்தேனே, நடுவில் எங்கும் இறங்கவும் முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில், இணையாக ஓடும் தண்டவாளம். ஏர்போர்ட் ரயில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு போயிற்று. எண்ணினேன், வேறு என்ன செய்ய? பின் இருக்கையில் ஒரு பெரியவர் ஓட்டுநரிடம் போய்க் கதவைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட்டார். அவர் கண்ணாடியில் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். விமானத்தைப் பிடித்தேன், கடைசி அழைப்பில், ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அன்றிலிருந்து ஊருக்குள் வர பஸ், ஏர்போர்ட்டுக்குப் போக ரயில் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். வரும்போது தாமதமானால் தூக்கம் கெடும், போகும்போது தாமதமானால் டிக்கெட்டே போய்விடும்.

ஹகோசாகிக்கு வருகிறேன். அது வெறும் பஸ் நிலையம் இல்லை, டோக்கியோ சிட்டி ஏர் டெர்மினல் என்று பெயர். ஒரு காலத்தில் பெட்டியை இங்கேயே விமானத்துக்குக் கொடுத்துவிட்டு, கைவீசிக்கொண்டு பஸ் ஏறி நரிதா போகலாம். கட்டிடம் 1972-ல் திறந்தாகிவிட்டது. நரிதாவிலோ நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று விவசாயிகள் மல்லுக்கு நின்றார்கள். விமான நிலையம் திறக்க 1978 ஆகிவிட்டது. தம்பி இதைச் சொன்னபோது அம்மா, "சத்திரத்தைக் கட்டி வச்சிட்டு ஆறு வருஷம் கழிச்சுக் கோயிலைக் கட்டினாங்களாக்கும்" என்றாள்.

அதற்கு முன் ஒரு காரியம் நடந்தது. பஸ் நின்றதும் பெட்டிகளை இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். தம்பி ஓடிவந்து எங்கள் பெட்டியில் கை வைத்தான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு, சுருக்குப்பையைத் திறந்து, அந்தச் சீட்டை எடுத்து, இரண்டு கைகளாலும் ஊழியரிடம் நீட்டினாள். அவர் எண்ணைச் சரிபார்த்துத் தலைகுனிந்து பெட்டியைத் தள்ளிக் கொடுத்த பிறகுதான் பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தாள். "இளைச்சிட்டியேடா."

அன்று ராத்திரி சித்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இறங்கினதும் லிமோசின் தயாரா நிக்குது. பெட்டியைத் தொடக்கூட விடல. வண்டி கிளம்புறப்ப ரெண்டு பேர் நின்னு கும்பிடறாங்க, தெரியுமா?"

"அம்மா, அது பஸ்னு சொல்லு" என்று குறுக்கே போனேன். கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.